கழுத்தை மட்டும் காட்டுங்க

"கொஞ்சம் தள்ளிக்குங்க. உங்க தலை வெளிச்சத்த மறைக்குது. அதோட கழுத்த மட்டும் காட்டுங்க."

தையற்காரர் தலையை இழுத்துக்கொண்டார். கைபேசித் திரையில் மகள். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கும் முகம். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, 'இனி இந்த வாசப்படிய மிதிக்காத' என வாய்க்கு வந்ததைப் பேசியவர் அவர்தான். அதுவரை அப்பா பேச்சைக் கேட்டே பழகாத பெண், அதை மட்டும் அப்படியே கேட்டுவிட்டாள். கட்டிய துணியோடு போனாள். அவள் வளர்த்த ஆமை தொட்டியோடு இங்கேயே தங்கிவிட்டது.

அதன் கழுத்து மடிப்பில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை படர்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தாள். அதனால்தான் இந்த அழைப்பு. பூஞ்சை, அழுக்குத் தண்ணீர், எரியாத விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் திட்டினாள். திட்டு வாங்கிய சந்தோஷத்தில் அவருக்கு அன்று தையல் ஓடவில்லை.

பிறகு தினமும் மத்தியானம் அழைத்தாள். அவள் சொன்னபடி அயோடின் மருந்தை டீத்தண்ணீர் நிறத்துக்குக் கலந்தார். மெல்லிய வெட்டுத்துணியில் நனைத்துக் கழுத்தில் ஒற்றினார். ஈரம் போகும்வரை விளக்கடியில் காயவைத்தார். ஆமை கடிக்க வந்தது.

"நீயும் அவள மாதிரிதான்" என்று அதைச் செல்லமாகத் திட்டினார்.

"சாப்பிட்டியாம்மா?" என்று ஒருநாள் துணிந்து கேட்டார்.

"தண்ணிய மாத்தினீங்களா?"

'அப்பா' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவே இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் கழுத்தில் வெள்ளையே இல்லை. மஞ்சள் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மகள் சிரித்தாள், ஆமையைப் பார்த்து.

"சுத்தமா ஆறிடுச்சு. இனிமே நான் கூப்பிட வேண்டியதில்ல."

"அடுத்த வாரம் ஒருதடவ பாத்துக்கலாமேம்மா..."

"எதுக்கு? திரும்ப வந்தா சொல்லுங்க. அப்ப கூப்பிடுறேன்."

திரை இருண்டது. ஓர் ஆமைக்குக் காட்டிய கரிசனத்தில் கால்வாசிகூடப் பெற்றவனுக்கு இல்லையா என்று பொருமினார். திரும்ப வந்தா சொல்லுங்க. அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை.

மாற்றுவதற்காகப் பிடித்துவைத்திருந்த நல்ல தண்ணீரை வாளியோடு தூக்கிப் பின்பக்கம் கொட்டினார். ஆமையைப் பழைய கலங்கல் நீரிலேயே இறக்கிவிட்டார். விளக்கை அணைத்தார்.

ஆமை வழக்கம்போல் கல்லின்மேல் ஏறியது. கண்ணை மூடி, ஆறிய கழுத்தை முழுவதுமாக நீட்டி, எரியாத விளக்குக்குக் கீழே காத்திருந்தது.