வாங் மாமாவின் முன்பல்

இன்று மத்தியானம் அப்பா அந்த மரப்பெட்டியைத் தூக்கியபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே இருந்தது என் பழைய கால்பந்து. கனம் போதாதே என்று இரண்டு காலுறைகளில் ஈரமணலை அடைத்து, பந்துக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்தேன். அப்பா மூடியைத் திறக்கவில்லை. மூன்று நாளாக அவர் அந்தப் பெட்டியை நேராகப் பார்க்கவே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் செய்தேன்.

"என்னடி வீப்கே, மரம் மாதிரி நிக்கிற? வண்டியில ஏறு" என்றார். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் மேல்சட்டையைப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு முந்தின இரவு விறகுக் குவியலைக் கொளுத்துவார்கள். தீ வைப்பது எப்போதும் அப்பாதான்.

பெட்டியில் இத்தனை வருஷமும் இருந்தது ஒரு மண்டையோடு. அப்பாவின் கொள்ளுத்தாத்தா ஹின்ரிக், கைசர் காலத்துப் படையோடு சீனாவில் கலகத்தை அடக்கப் போனபோது கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அதனால் அதற்கு வாங் மாமா என்று பெயர். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் கூரை போல ஒரு வெட்டு. கீழ்வரிசையில் நாலு முன்பற்கள் இல்லை. ஹின்ரிக்கிடம் வாங்கிய குத்து என்று சொல்லிச் சிரிப்போம். பரீட்சைக்குப் போகிற எவரும் வாங் மாமாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம். நெற்றி வழவழவென்று இருக்கும். நாலு தலைமுறைக் கை பட்டது.

பெட்டியின் மூடியில் உட்புறமாக ஹின்ரிக்கின் புகைப்படம் செருகியிருக்கும். ஒரு பக்கம் மடித்த தொப்பி, கையில் துப்பாக்கி, ஒரு கால் ஏதோ பெட்டியின் மேல். வரலாற்று வகுப்பில் வீட்டுப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். கீழே எந்தப் படைப்பிரிவு என்று சரியாக எழுத ஆசைப்பட்டு, லேயர் நகரச் சந்தையில் பழைய பொத்தானும் பதக்கமும் விற்கிற ஹார்மிடம் காட்டினேன்.

அவன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். "சீனாவா? எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"எங்க வீட்ல எல்லாரும்."

"உங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சுபோச்சா? தொப்பியப் பாத்து ஏமாந்திருக்கீங்க. அவங்களுக்கும் மடிச்ச தொப்பிதான், ஆனா அது வைக்கோல். இது கம்பளி. அங்க போனவன் தோள்ல நம்பர் இருக்கும். இவன் தோள்ல வெறும் கயிறு. இங்க பாரு, துணியில கோடு கோடா ஓடுதா? கார்டுராய். அத மாட்டிக்கிட்டு அலைஞ்சவனுங்க அப்ப நம்ம காலனியா இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவோட படை மட்டுந்தான். ஹெரேரோ ஜனங்கள பாலைவனத்துக்குள்ள விரட்டிச் சாகடிச்சானுங்களே, அந்தக் கூட்டம்."

அவன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "வேற ஏதாச்சும் கொண்டாந்தானா உன் தாத்தன்?"

"இல்ல" என்றேன்.

பேருந்தில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஹெரேரோ பிள்ளைகளுக்கு வயது வந்ததும் கீழ் முன்பற்களைப் பிடுங்கி, மேல் பற்களை அராவுவார்களாம். அவர்களுக்கு அது அழகு. பிடிபட்ட பெண்களைக் கொண்டே செத்தவர்களின் தலைகளைக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வைத்து, பெட்டியில் அடுக்கி இங்கே அனுப்பினார்களாம். போனை அணைத்துவிட்டு, பையிலிருந்து ஹின்ரிக்கின் படத்தை எடுத்தேன். ஹின்ரிக் கால் வைத்திருந்த பெட்டியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு பிளவு. அந்தப் பிளவு எனக்குத் தெரியும், வாங் மாமாவின் பெட்டியில் இருப்பது. சின்ன வயதில் அதற்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் தேநீரில் கற்கண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"சீனாவா இருந்தா என்ன, ஆப்பிரிக்காவா இருந்தா என்ன? செத்தது செத்ததுதான்."

"திருப்பி அனுப்புறதுக்கு ஆளுங்க இருக்காங்கப்பா. நம்பர் இருக்கு. ஈஸ்டர் லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை தொறப்பாங்க."

"அப்புறம் வாசல்ல பத்திரிகைக்காரன் நிப்பான். என் ஓட்டுநர் பள்ளிக்கு எவன் புள்ளைய அனுப்புவான்? நாளன்னைக்குத் தீயில போட்டா முடிஞ்சுபோச்சு."

"அது ஒரு ஆளோட தலை, அப்பா."

"ஓ! புத்தாண்டுக்கு அதுக்குக் காகிதத் தொப்பி மாட்டி போட்டோ எடுத்தது யாரு? நானா? அதையும் அவங்ககிட்ட சொல்லிரு."

எழுந்து வந்துவிட்டேன்.

எரிப்பதற்கு முன் குவியலைப் பிரித்து அடுக்குவோம். முள்ளெலிகள் உள்ளே படுத்திருக்கும். இன்று இரண்டு கிடைத்தன. அப்பா கையுறை போட்டு, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வேலியோரம் விட்டார். பிறகு யாரும் பார்க்காதபோது பெட்டியை நடுவில் செருகி, மேலே கிளைகளை இழுத்துவிட்டார்.

இருட்டியதும் ஊரே வந்துவிட்டது. தீ நன்றாகப் பிடித்து, எல்லோரும் பீரும் தொத்திறைச்சியுமாக நின்றபோது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்னய்யா, பீர்ப் பீப்பாய உள்ள மறந்து வச்சிட்டியா?" என்று பக்கத்து வீட்டு ஃபோக்கோ அப்பாவைப் பார்த்துக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் நிறுத்தினார். இருபது வருஷம் தீயோடு பழகிய மனுஷன். காற்றடைத்த ரப்பர் எப்படி வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்துக்கு மேலாக அவர் கண் என்னைத் தேடியது. நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது.

இப்போது ராத்திரி மணி ரெண்டு ஆகப்போகிறது. அம்மா பிரேமன் நகரத்தில் வேறு குடும்பமாக இருக்கிறாள், கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. மண்டையோடு என் நீச்சல் துண்டுக்குள், என் போர்வைக்குள் இருக்கிறது. அலமாரியில் வைத்தால் முதலில் அங்கேதான் தேடுவார். என்ன பெயர் சொல்லி அதை நினைப்பது என்று தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. என் நாக்கு தானாகவே என் முன்பற்களைத் தடவிக்கொண்டே இருக்கிறது.

அப்பா வந்துவிட்டார். படியில் ஏறும்போதே புகை வாசனை வந்தது. என் அறை வாசலில் நின்றார். கதவின் அடியில் தெரிகிற வெளிச்சத்தில் இரண்டு காலணிகளின் நிழல். தட்டவில்லை. போகவும் இல்லை.

துண்டுக்குள் கையை விட்டு நெற்றியில் வைத்திருக்கிறேன். முதலில் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. வைத்த கையை எடுக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் கொஞ்சம் சூடு ஏறியிருக்கிறது.