குழியில்லாத மூடி

மயிலாப்பூரில் பருவநிலை மாற்றத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச ஆள் வேண்டுமென்றால் வெங்கடரமணனைத்தான் கூப்பிடுவார்கள். மூத்த குடிமக்கள் சங்கமா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா, பூங்காவில் காலை நடைக்காரர்கள் கூட்டமா, மனிதர் கூப்பிடுவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார்.

"முன்னெல்லாம் ஐப்பசி மழைன்னா பத்து நாள் நின்னு நிதானமாப் பெய்யும். இப்போ கடல் சூடாயிண்டே போறது, ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடறது. டிசம்பர்ல படகு, மே மாசம் தண்ணி லாரி! வர்ற மழையை பூமிக்குள்ள இறக்கினாத்தான் பொழைப்போம்" என்று கையை ஓங்கிப் பேசுவார். கடைசியில் ஒன்று தவறாமல் வரும். "எங்க ஃப்ளாட்ஸுக்கு வந்து பாருங்கோ. ரெண்டாயிரத்து மூணுலயே பண்ணியாச்சு."

வந்து பார்த்தவர்களும் உண்டு. ஒன்பது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு அவர்தான் செயலாளர், ஆரம்பத்திலிருந்தே. பக்கச் சந்தில், தரைத்தள வீட்டின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மொட்டை மாடிக் குழாய் வந்து இறங்கும். அது முடிகிற இடத்தில் வட்டமாக ஒரு சிமெண்டு மூடி. பச்சை வர்ணம் அடித்து, மேலே வெள்ளையில் ‘மழைநீர் சேகரிப்பு’ என்று எழுதியிருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அதற்குப் புது வர்ணம். பார்த்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எல்லாம் சரி. அந்த மூடிக்குக் கீழே குழிதான் இல்லை.

அட, நிஜமாகத்தான். அந்த வருஷம் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர்க் குழி இருந்தே தீர வேண்டும் என்று அரசாங்கத்தில் ஊர் முழுக்கக் கெடு வைத்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் தோண்டியதால் குழிக்குள் சிமெண்டு உறை இறக்குகிற ஆட்களைப் பிடிக்கவே முடியவில்லை. கூப்பிட்டால், நாளைக்கு வர்றோம், நாளன்னிக்கு வர்றோம் என்றார்கள். கட்டடம் அப்போது புதுசு, குடிவந்திருந்தது வெங்கடரமணன் குடும்பம் மட்டும். கெடுவுக்கு மூன்றே நாள். இப்போதைக்கு மூடியைப் போட்டுவிடுவோம், பொங்கல் கழித்துக் குழியைத் தோண்டிக்கொள்ளலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மாநகராட்சியிலிருந்து பார்வையிட வந்தவர் மூடியைத் திறக்கச் சொன்னபோது, "ஈரம் காயலை சார், இப்போ தூக்கினா விரிசல் விட்டுடும்" என்று சொல்லி, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

பொங்கல் வந்தது, போனது. அப்படி இருபத்திரண்டு பொங்கல் போயிற்று. முதலில் சோம்பல்தான். அப்புறம் மற்ற வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம். அதற்கும் அப்புறம் அந்த மூடியாலேயே நாலு பேர் மத்தியில் பேர் கிடைத்துவிட்டது. பேர் கிடைத்த பிறகு எந்த மனுஷன் கடப்பாரையைத் தேடுவான்?

மழையும் முன்போல இருந்திருந்தால் இது இப்படியே ஓடியிருக்கும். முந்தைய வெள்ளங்கள் வாசல்படியோடு நின்றுவிட்டன; போன டிசம்பர் மழை வேறு மாதிரி வந்தது. விடிகிற நேரத்தில் பிடித்துக்கொண்டது, மத்தியானத்துக்குள் தெரு எது, வாசல் எது என்று தெரியாமல் போய்விட்டது. மொட்டை மாடித் தண்ணீர் அத்தனையும் குழாய் வழியாகக் கச்சிதமாக இறங்கி, போக இடம் இல்லாமல், தரைத்தள டோரதி டீச்சரின் படுக்கையறைக்குள் நுழைந்தது.

டோரதிக்கு அறுபத்தெட்டு வயது. சாந்தோம் பக்கத்தில் முப்பது வருஷம் பள்ளி ஆசிரியை. கணவர் ஹென்றி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவர் மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் எழுதிய கடிதங்களை டீச்சர் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே நீலமாக ஒரு கூழ் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். டீச்சர் எழுந்து நின்று, சண்டைக்காக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"சார், மழைநீர் குழி என் ஜன்னல் கிட்டதானே இருக்கு? அப்போ தண்ணி ஏன் இறங்கல?"

எட்டு வீட்டுக்காரர்களும் வெங்கடரமணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து தானாக வந்தது இது:

"குப்பையையும் இலையையும் பெருக்கி அதுக்குள்ளயே தள்ளிண்டு இருந்தா எப்படி டீச்சர் இறங்கும்?"

யார் என்று அவர் சொல்லவில்லை. பெயரைச் சொல்லவே இல்லை. இதை அவர் பிற்பாடு தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தக் கட்டடத்தில் பெருக்குகிற ஆள் ஒருவர்தானே? எல்லாத் தலையும் கேட் பக்கம் திரும்பியது. அங்கே வாட்ச்மேன் தணிகாசலம் கையில் வாளியோடு நின்றிருந்தார். கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்து, அப்படியே காவலுக்குத் தங்கிவிட்டவர். விடிந்ததிலிருந்து டீச்சர் வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அவர் வெங்கடரமணனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஜனவரியில் அவரை அனுப்பிவிட்டு ஏஜென்சி ஆளைப் போட்டார்கள். செயலாளர் என்ற முறையில் அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டதும் வெங்கடரமணன்தான்.

ஆவணி பிறந்ததும் ஒருநாள் டீச்சர் மாடியேறி வந்தார்.

"சார், ஹென்றி ஞாபகமா நானே அந்தக் குழியைத் தூர் வாரிடறேன். சனிக்கிழமை காலைல ரெண்டு பேர் வர்றாங்க. இந்த வருஷமும் தண்ணி வந்தா என்னால முடியாது சார், தம்பி ஷெல்டன் வீட்டுக்கே போயிடுவேன். அது எங்கயோ செங்கல்பட்டு தாண்டி இருக்கு. பூசைக்குப் போற கோயிலையும் ஹென்றி கல்லறையையும் விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான்..." என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இருக்கறதாலதான் சார் இந்தக் கட்டடத்துல ஒரு நம்பிக்கையே."

மனைவி அபயாம்பாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். வெங்கடரமணனால் அதைக் குடிக்க முடியவில்லை.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் மனிதர் யோசித்தார். என்ன யோசித்தார் என்பதைச் சொல்லவே வாய் கூசுகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று யோசிக்கவில்லை. தணிகாசலத்தைக் கண்டுபிடித்து, வேலையைத் திரும்பத் தருகிறேன் என்று சொல்லி, ‘குழிக்குள் பெருச்சாளி வந்தது, அதனால் நான்தான் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை அவர் வாயால் சொல்ல வைத்துவிட முடியுமா என்று யோசித்தார். ஏற்கெனவே பழியைச் சுமக்கிறவன்தானே. பிறகு வேலையும் கிடைக்கிறது, அவனுக்கும் நல்லதுதானே. இப்படியெல்லாம் மனசு தனக்குச் சாதகமாகக் கதை கட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ பிடித்து, பெசன்ட் நகர் கடற்கரையிலிருக்கும் ஊரூர் ஒல்காட் மீனவர் குப்பத்துக்குப் போனார். தணிகாசலம் அங்கே மகள் வீட்டில் இருப்பதாகப் புது வாட்ச்மேன், அந்த ஏஜென்சி ஆள், விசாரித்துச் சொல்லியிருந்தான். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, படகுகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்தார். சந்து முனையில் தணிகாசலம் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பதறி எழுந்து, தோள் துண்டால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இன்னா சார், நீங்க எங்க இந்தப் பக்கம்? கவுச்சி வாசனை ஒத்துக்காதே உங்களுக்கு! குந்துங்க சார்."

வெங்கடரமணன் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தார்.

"நாளைக்கு அந்த மூடியைத் திறக்கறா, தணிகாசலம். டோரதி டீச்சர் தூர் வார ஆள் சொல்லியிருக்கா."

தணிகாசலம் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தூர் வார அதுல இன்னா கீது சார்?" என்றார் மெதுவாக. "மேஸ்திரியோட சேந்து அந்த மூடியத் தூக்கியாந்து வெச்சதே நான்தானே. அடியில ரெண்டு கூடை மணலு, ஒடைஞ்ச ஓடு. அவ்ளோதான். மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். அன்றைக்கு மூடியைப் பிடித்த கைகளில் மேஸ்திரியின் கை மட்டுந்தான் அவர் நினைவில் இருந்தது. மறுபக்கம் பிடித்த சித்தாளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்த ஆள் இருபது வருஷத்துக்குமேல் தினமும் அவருக்குக் கேட் திறந்துவிட்டிருக்கிறார்.

"அப்போ அன்னிக்குக் கூட்டத்துல ஏன் வாயைத் தொறக்கலை?"

"எப்பிடி சார் சொல்றது? அத்தினி பேர் எதிர்ல உங்கள பொய்யின்னு சொல்றதா? நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். அன்னிக்கு சொல்லல. சரி, சார் சங்கடத்துல கீறாரு, நாளைக்கு சொல்வாருன்னு நெனச்சேன். பொங்கல் வரைக்கும் நெனச்சுக்கினுதான் இருந்தேன்."

அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் வெங்கடரமணன் திருப்பித் திட்டியிருப்பார், அது சுலபம்.

"வேற எங்கேயும் வேலை பார்க்கலையா?"

"கேட்டேன் சார். தெருவுல ஒருத்தரும் சேக்க மாட்டேங்குறாங்க. 'நீதானே தண்ணிக் குழிய அடைச்சவன்'னு கேக்குறாங்க. அது போவட்டும். டீச்சரம்மா அந்த நனைஞ்ச லெட்டருங்கள என் மூஞ்சிக்கு நேரா காட்டி, 'முடிஞ்சா இதைக் காய வெச்சுக் குடு'ன்னாங்க பாருங்க, அதான் சார் தாங்கல. அவங்க ஒருநாளும் என்னை அப்பிடிப் பேசினது இல்ல."

மகள் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தணிகாசலம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"சார், நீங்க கவலப்படாதீங்க. நான்தான் மண்ணப் போட்டு மூடிட்டேன்னு சொல்லிடுங்க. எலி தொல்லைன்னு மூடிட்டான்னு சொல்லுங்க. எப்பிடியும் கெட்ட பேருதானே கீது எனக்கு. உங்க பேரு பெரிசு சார், அது போவக் கூடாது."

கேட்க வந்தது கேட்காமலேயே கிடைத்துவிட்டது. கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். பெருச்சாளி எலியாகியிருந்தது, அவ்வளவுதான். வெங்கடரமணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் அழுக்கை இன்னொருத்தன் கையில் ஏந்திக் காட்டியது போல இருந்தது. தான் நாலு நாளாக யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடம் இதுதானா? டீயை அவசரமாக எடுத்ததில் வேட்டியெல்லாம் சிந்தியது. தணிகாசலம் அதையும் துண்டால் துடைக்கக் குனிந்தார்.

"வேண்டாம்! தொடைக்காதே" என்று கத்திவிட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தார், கேட்கவில்லை. விறுவிறுவென்று நடந்து ஆட்டோவில் ஏறிவிட்டார். அதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அபயாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏன்னா, மார்கழி மார்கழியா அந்த மூடியைச் சுத்திக் கோலம் போட்டுண்டு இருந்தேனே! என்னையும்னா முட்டாளாக்கியிருக்கேள்? அந்த மனுஷன் மேல இப்படி ஒரு அபாண்டத்தைப் போட்டுட்டு நம்ம ஆத்துல எப்படிச் சாதம் இறங்கித்து உங்களுக்கு?" கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நாளைக்கு நீங்களே திறங்கோ. வேலைக்காரா கையால திறந்து விஷயம் வெளிய வர விட்டேளோ, நான் கிளம்பி ஹம்சினி ஆத்துக்குப் போயிடுவேன்."

ஹம்சினி அவர்கள் மகள், ஆழ்வார்பேட்டையில் இருக்கிறாள்.

சனிக்கிழமை காலை. இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். டீச்சர் பூசையிலிருந்து நேரே வந்து, தலையில் முக்காடு கூட எடுக்காமல் நின்றார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். வெங்கடரமணன் ஆட்களிடமிருந்து கடப்பாரையை வாங்கி, மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். மூன்றாவது நெம்பலில் அது எழும்பிச் சாய்ந்தது.

கீழே மணல். அதன்மேல் பத்துப் பதினைந்து உடைந்த ஓடுகள். ஒரு மண்புழு வெளிச்சத்துக்கு நெளிந்தது.

"இன்னா சார், குழியக் காணோம்?" என்றான் வந்தவன்.

"குழி இல்லை. என்னிக்குமே இருந்ததில்லை" என்றார் வெங்கடரமணன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "கெடு முடியறதுன்னு வெறும் மூடியைப் போட்டேன். அப்புறம் தோண்டலை. மாடித் தண்ணியை நான்தான் டீச்சர் வீட்டுக்குள்ள விட்டிருக்கேன். அன்னிக்குக் கூட்டத்துல சொன்னது பொய்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். டீச்சர் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அழவில்லை.

"யாரைப் பத்திப் பொய் சொன்னீங்க சார்? பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

"தணிகாசலம்" என்றார் வெங்கடரமணன். "தணிகாசலம் அடைக்கலை. அவன்... அவர் மேல ஒரு தப்பும் இல்லை."

"நான் அவரை என்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியுமா? அன்னிக்கு முழுக்க என் வீட்டுச் சேத்தை அள்ளின மனுஷன் சார்." டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவர் வீடு எங்க இருக்கு?"

வழி சொன்னார். பெசன்ட் நகர் கடற்கரை, குப்பம், ஐஸ் உடைக்கிற சந்து முனை. டீச்சர் கேட்டுக்கு வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினார். வெங்கடரமணன் மண் படிந்த கையோடு பின்னாலேயே ஓடினார்.

"டீச்சர், நானும் வரேன். நேத்திக்குப் போயும் மன்னிப்புக் கேட்கலை. உங்க கூட வந்து கேட்டுடறேன்."

டோரதி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தார்.

"வேணாம் சார், நீங்க அப்புறம் தனியாப் போய்க் கேளுங்க. இப்போ கூட வந்தீங்கன்னா, அன்னிக்குக் கூட்டத்துல மாதிரியே அவர் உங்களைக் காப்பாத்தத்தான் பார்ப்பார்."

ஆட்டோ கிளம்பிப் போயிற்று. வெங்கடரமணன் கேட்டருகே நின்றார். உள்ளேயிருந்து தூர் வார வந்தவன், எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.