தலை நனையாத தீர்த்தம்

இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் வாங்க ராமேஸ்வரம் வந்த மனிதர், முதல் கிணற்றிலேயே வாளிக்காரரிடம், "அண்ணாச்சி, எனக்கு ஒரு கை தெளிச்சாப் போதும்" என்றால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்?

என் வீட்டுக்காரர் சண்முகராஜ் அப்படித்தான் சொன்னார். நாகலாபுரத்தில் எங்கள் கரிசலில் மிளகாய் அப்போதுதான் முளைத்து இலை விட்டிருந்தது. ஒரு மழையோடு வானம் கையை விரித்துவிட்டது. பயிர் கருகினால் இந்த வருசம் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தக் கவலையோடுதான் மாமனாருக்குத் திதி கொடுக்க வந்திருந்தோம்.

காலையில் அக்னி தீர்த்தக் கடலில் பிண்டம் கரைத்துவிட்டு மனுசன் நன்றாகத்தான் முங்கினார். "உப்புத்தண்ணி, அது எந்தப் பயிருக்கு ஆகப்போகுது" என்றார். கோயிலுக்குள் நல்ல தண்ணீரைக் கண்டதும்தான் கிறுக்குப் பிடித்தது. ஊற்றுகிற தண்ணீர் கல்தளத்தில் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அரைகுறையாக் குளிச்சா மாமாவுக்குப் போய்ச் சேருமா?" என்றேன்.

"பயிரு அங்கன நாக்கு வறண்டு கெடக்கு. நான் இங்கன வாளி வாளியாக் குளிக்கவா? போடி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாளியைப் பிடுங்கி நானே கவிழ்த்திருப்பேன். கடைசியில் கிணற்றுக்குக் கிணறு அவர் பங்கும் என் தலையில்தான் விழுந்தது. பல் தந்தியடிக்க வெளியே வந்தேன். அவருக்கு முன்மயிர்கூடச் சரியாக நனையவில்லை.

கோயிலுக்குள் செல்போன் கூடாது. வேன் ஓட்டி வந்த சபியுல்லாவிடம் கொடுத்திருந்தோம். அவன் எங்களைக் கண்டதும் ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, உங்க தங்கச்சி போன் மேல போன் போடுதாவ. ஊர்ல மழையாம்."

இவர் நம்பவில்லை. தங்கை வள்ளிமயிலுக்குத் தானே போன் போட்டார்.

"காலையில இருந்து ஊத்துது அண்ணே. ஓடையில தண்ணி போகுது. மொளகா தலை நிமிந்துட்டு" என்றாள்.

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மழைச் சத்தத்தையே கேட்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிறகு விறுவிறுவென்று தீர்த்தச் சீட்டு வாங்கும் வரிசைக்கு நடந்தார்.

"எங்க போறீங்க? இப்பதான முடிச்சோம்?"

"நீ முடிச்ச."

ஈரச்சேலையோடு நானும் பின்னால் ஓடினேன். முதல் கிணற்றடியில் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, குனிந்து தலையைக் கொடுத்தார்.

"ரெண்டு வாளியா ஊத்துங்க அண்ணாச்சி. எங்க ஊர்ல தண்ணி கெடக்கு."