எட்டாவது படிக்கு நேரே ஒரு டிக்

ஜோலீனின் நோட்டுப் புத்தகத்தில் பத்துப் படிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே பென்சிலால் ஒரு டிக். எட்டாவது டிக் மட்டும் பொய்.

கல்லூரியின் கணிதத் துறை அலுவலகத்தில் அவள் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். அவள் வரும்வரை கேள்வித்தாளில் சமன்பாடு வரும் இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, பிறகு கையால் எழுதி, நகல் எடுப்பார்கள். கணித ஆசிரியை கார்லா ஸ்டென்சனின் எழுத்தில் ஐந்துக்கும் எஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் துறை, கணினியிலேயே சமன்பாடுகளைத் தட்டச்சு செய்ய ஒரு சமன்பாட்டு எடிட்டர் வாங்கியது. அதை, கேள்வித்தாள் தட்டச்சு செய்யும் மென்பொருளான சொற்செயலியோடு சேர்த்துவைக்கும் பொறுப்பு ஜோலீன் தலையில் விழுந்தது.

அவள் கையேட்டை இரண்டு முறை படித்தாள். படிகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். சொற்செயலியை மூடு. எடிட்டரை நிறுவு. அதோடு வந்த ஒரு கோப்பை, சொற்செயலி தொடங்கும்போது தேடிப் பார்க்கும் கோப்புறையில் போடு. மறுபடி திற, கருவிப்பட்டையில் புதுப் பொத்தான் வந்திருக்கிறதா பார். வந்திருந்தது. அழுத்தினால் சின்ன ஜன்னல் ஒன்று திறந்து, பின்னமும் வர்க்கமூலமும் அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல வந்து உட்கார்ந்தன. ஏழாவது படி, ஒரு பக்கம் அச்சடித்துப் பார்ப்பது. அழகாக வந்தது.

எட்டாவது படி: தட்டச்சு செய்த தாளை வேறு எந்தக் கணினியில் அச்சடிப்பார்களோ, அங்கேயும் எடிட்டரின் எழுத்துருக்களை நிறுவ வேண்டும்.

வேறு கணினி ஒன்றே ஒன்றுதான். வகுப்பு நாளில் வர முடியாதவர்கள் தனியாகத் தேர்வு எழுதும் மையத்தில் இருந்தது. அது வண்டி நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம், வேறு கட்டடம். வெளியே மூக்குமுடி உறையும் குளிர். ஜோலீன் கோட்டை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கார்லா வந்து வாசலில் நின்றாள்.

"என்ன ஜோலீன், முடிஞ்சுதா? நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஆயிடுமா?"

"முடிஞ்சுது கார்லா. எல்லாம் ஆச்சு."

கார்லா நோட்டை எட்டிப் பார்த்தாள். பார்வை அங்கே வருவதற்குள் ஜோலீன் மீதி மூன்று படிக்கும் டிக் போட்டுவிட்டாள். ஒன்பதும் பத்தும் அன்று மாலையே முடிந்தன. எட்டை நாளைக் காலை செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் பதிவுப் படிவங்கள் மூட்டையாக வந்தன. மறந்தே போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அடிப்படை இயற்கணிதத்தின் இடைப்பருவத் தேர்வு. மாலை வகுப்பில் எல்லோரும் துறையில் அச்சடித்த தாளில் எழுதினார்கள். ஒருவர் மட்டும் அன்று மதியமே மையத்தில் எழுதினார். ஆர்வோ நிஸ்கனென். வயது ஐம்பத்தொன்று. இரும்புச் சுரங்கம் மூடியபின் மாவட்டத்துக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். அன்று மாலை பனிப்புயல் வருவதாக இருந்தது, வண்டியோடு போயாக வேண்டும். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து வேலைக்கான படிப்பில் சேர அவருக்கு இந்தப் பாடத்தில் எழுபது வேண்டும். ஜோலீன் வாரம் இரண்டு மாலை கணக்குப்பதிவு வகுப்புக்குப் போவாள். இடைவேளையில் காப்பி இயந்திரத்துக்கு முன்னால் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை கார்லா விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே ஜோலீனின் மேசைக்கு வந்தாள். கையில் ஆர்வோவின் நீல விடைப் புத்தகம்.

"பாவம் இந்த மனுஷன். வார்த்தைக் கணக்கு ஆறும் பிரமாதம். நேரடியா சமன்பாடுன்னு வந்ததும் மண்டை கழண்டுபோச்சு. எதைப் பார்த்தாலும் பெருக்கிவச்சிருக்கார் பாரு."

ஜோலீன் பார்த்தாள். பதினான்கு எக்ஸ் சமம் ஒன்பது. பதினைந்து எக்ஸ் சமம் பத்து. கேள்வியைத் திரும்ப எழுத வேண்டாம் என்பது கார்லாவின் விதி. அதனால் எல்லா விடையும் இரண்டாவது வரியிலிருந்துதான் தொடங்கும். கேள்வித்தாளை மையத்தில் தேர்வு முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

முதல் கேள்வியை அவளே தட்டச்சு செய்திருந்தாள். இரண்டு எக்ஸ் கழித்தல் ஏழு சமம் ஒன்பது. அந்தக் கழித்தல் குறி எடிட்டரின் சொந்த எழுத்துருவில் இருப்பது. அது இல்லாத கணினியில் அந்த இடம் வெறுமையாக வரும். இரண்டு எக்ஸும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். குறி இல்லாமல் பக்கத்தில் நின்றால் பெருக்கு என்று இந்த வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது கார்லாதான். ஆர்வோ கேட்டதைக் கேட்டபடி செய்திருந்தார்.

ஜோலீன் நீலப் புத்தகத்தின் அட்டையில் இருந்த மதிப்பெண்ணைப் பார்த்தாள். "ஐம்பத்தாறுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஐம்பத்தாறு. ஒண்ணு கூடத் தப்பல, நாலும் போச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு மாதம் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. மதியம் யாருக்கும் தெரியாமல் மையத்துக்குப் போய், அந்தக் கணினியில் தாளை அச்சடித்துப் பார்த்தாள். நான்கு கேள்வி, ஐந்து இடம், ஐந்திலும் குறி இல்லை. எழுத்துருக்களை நிறுவினாள். தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். நோட்டில் எட்டாவது டிக் இப்போது உண்மையாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

புதன்கிழமை மாலை அவள் கார் கிளம்பவில்லை. ஆர்வோ தன் வண்டியை முட்ட நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து அவள் பேட்டரிக்கு மின்கம்பிகளை மாட்டினார்.

"பேட்டரி செத்துப்போச்சு ஜோ. என்னைய மாதிரி."

"அப்படிச் சொல்லாதீங்க ஆர்வோ."

"வேற என்ன சொல்ல? கழித்தலே வராத பரீட்சைன்னு நெனச்சேன். டீச்சர் விடை எல்லாத்தையும் போர்டுல போட்டாங்க. பார்த்தா எல்லாம் கழித்தல். கண்ணு போச்சா மண்டை போச்சான்னு தெரியல." அவர் சிரித்தார். "வீட்டுக்காரி எலெய்ன்கிட்ட சொல்லிட்டேன், இது நம்ம தலைக்கு ஆகாதுன்னு. ஸ்டார்ட் பண்ணு பார்ப்போம்."

கார் கிளம்பியது. வீடு போகும்வரை அவள் ஹீட்டரைப் போடவில்லை. போடத் தகுதியில்லை என்று தோன்றியது. அசட்டுத்தனம்தான், ஆனாலும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு பாடத்திலிருந்து விலகும் கெடு முடிகிறது. மூன்றேகாலுக்கு ஆர்வோ வந்து, மஞ்சள் படிவத்தை அவள் மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். துறை முத்திரை குத்த வேண்டியது ஜோலீன்.

"குத்திடும்மா. வண்டியை ஓடவிட்டு வந்திருக்கேன்."

முத்திரை கையில்தான் இருந்தது. மைப்பெட்டியும் திறந்திருந்தது. அவள் முத்திரையைக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க. வண்டியை அணைச்சிட்டு வாங்க."

அவர் போனதும் நோட்டையும் மடித்த தாளையும் எடுத்துக்கொண்டு கார்லாவின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. எட்டாவது படியைச் செய்யாமலே டிக் போட்டதையும், திங்கட்கிழமையே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னாள். தாளைப் பிரித்து வைத்தாள்.

கார்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நீலப் புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டினாள்.

"ஒன்பதின் கீழ் பதினாலு. சரி. ரெண்டின் கீழ் மூணு. சரி. மூணாவது பூஜ்யம், சரி. நாலாவதும் சரி." பேனாவை எடுத்தாள். "தொண்ணூத்தாறு. வகுப்பிலயே இவர்தான் முதல். நான் இந்த மனுஷனைப் பார்த்து மண்டை கழண்டுபோச்சுன்னு சொன்னேன்."

"நான்தான் காரணம், கார்லா."

"தெரியுது. எழுத்துரு மறந்துபோறது பெரிய விஷயமில்ல, எனக்கும் மறக்கும். நாலு நாள் வச்சிருந்த பாரு, அதைப் பத்தி திங்கட்கிழமை பேசுவோம். வேலை இருக்கா இல்லையான்னு இப்பக் கேக்காத, எனக்கே தெரியாது. முதல்ல போய் அவர்கிட்ட நீயே சொல்லு."

ஆர்வோ நின்றுகொண்டே கேட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறு என்றபோதும் முகம் மாறவில்லை. மஞ்சள் படிவத்தை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"புதன்கிழமை கம்பி மாட்டினப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, எண்களை அழுத்தினார்.

"எலெய்ன், நான்தான். இல்ல, குத்தல. ஒரு பொண்ணு பேசுவா, கேளு." ரிசீவரை ஜோலீனிடம் நீட்டினார். "இந்த வாரம் பூரா வீட்ல நான் மக்குன்னு நானே சொல்லிட்டிருக்கேன். நான் மாத்திச் சொன்னா அவ நம்பமாட்டா. நீ சொல்லு. முதல்லேருந்து."

ரிசீவர் அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மறுமுனையில் ஒரு பெண்குரல், "யாரு?" என்றது.

ஜோலீன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"என் பேரு ஜோலீன், மேடம்," என்றாள். "நான் செய்யாத ஒரு வேலையைச் செஞ்சதா எழுதிட்டேன்."