டாக்டரம்மாவின் நீலம்

என் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் சாஃப்ட்வேருக்கு வயது பதினேழு. எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்பது அதற்குத்தான் தெரியும். எனக்கு வாய் மட்டும்தான். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் புதுசு வாங்கினேன். அதில் சாஃப்ட்வேர் ஓடியது, ஆனால் திறக்கும்போதெல்லாம் ஏதோ எச்சரிக்கை காட்டி மூக்கால் அழுதது. ஆறு மாதம் பொறுத்தேன்.

போன வாரம் மச்சினன் வந்தான். வீட்டில் அவனுக்கு 'ஸ்க்ரூ' என்று பெயர். எதைக் கழற்றி மாட்டினாலும் ஒன்று மிஞ்சும்.

"இவ்வளவுதானே அத்தான்!" என்று அதை அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு ஓடும்படி மாற்றினான். அழுகை நின்றது. கூடவே, ஆறு மாதமாக நான் சேமித்த கலர்களும் போயின. அது தெரிந்ததே இன்று காலை, பல் டாக்டரம்மா வந்து நின்ற பிறகுதான்.

"மூணு சுவர் முடிஞ்சுது. நாலாவதுக்கு ரெண்டு லிட்டர் பத்தலை. நாளைக்குக் கிளினிக் திறக்கணும். ஷேடு மாறினா நாலு சுவரையும் உங்க கையாலயே அடிச்சுத் தர்றேன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

விற்கும்போது சொன்னது. வியாபாரியின் வாய்க்கு முதுகுவலி தெரியாது. ஸ்க்ரூவை வரவழைத்தேன்.

"புது சிஸ்டம் பழைய சாஃப்ட்வேரை மெயின் ஃபோல்டர்ங்கிற பீரோவுல கை வைக்க விடாது அத்தான். நீங்க சேமிச்சதையெல்லாம் நைசா வேற ஒரு மூலையில ஒளிச்சு வெச்சிருந்திருக்கு. நான் அதிகாரம் குடுத்ததும் நேரா பீரோவைத் திறக்குது. அது காலி."

"மூலையைத் தேடுடா!"

"பேரைச் சொல்லுங்க, தேடுறேன். என்ன பேர்ல சேமிச்சீங்க?"

அங்கேதான் வினை. எண்கள் என் மண்டையில் நிற்காது. வாங்கியவரின் குணத்தை வைத்துத்தான் கலருக்குப் பெயர் வைப்பேன். இந்தம்மா ஒன்றரை மணி நேரம் பேரம் பேசி, போகும்போது இலவசமாக ஒரு பிரஷ்ஷும் வாங்கிப் போனவர்.

"நீலம்னு போடேன்."

"முன்னூறு வருது."

"சும்மா சொல்லுங்களேன், என்ன வெட்கம்?" என்றார் டாக்டரம்மா.

துண்டுச் சீட்டில் எழுதி அவன் பக்கம் தள்ளினேன். ஸ்க்ரூவுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் விரல் ஓடும் என்பதை மறந்துவிட்டேன்.

"கஞ்...சப்... பிசினாறி நீலம். கிடைச்சிருச்சு அத்தான்!"

டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பினார். "யாரிது?"

"அது... கம்பெனி வெச்ச பேரும்மா."

"கம்பெனிக்கு என்னை எப்படித் தெரியும்?"

அவசரமாகப் பட்டனைத் தட்டினேன். இயந்திரம் சாயத்தைச் சொட்டியது. அவர் கொண்டு வந்திருந்த பழைய டப்பா மூடியில் ஒரு தீற்றல் தடவிக் காயவிட்டேன். எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. என் முதுகு தப்பித்தது.

"பேர் வெச்ச குத்தத்துக்கு ரெண்டு லிட்டரும் சும்மா," என்றார். "அந்த ரோலரையும் எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவர் தலை மறைந்ததும் ஸ்க்ரூ கேட்டான்: "பேரை மாத்திடவா அத்தான்?"

"எதுக்கு? இப்பத்தானேடா ருசுவாச்சு!"