தொடங்குவது எப்படி என்று என்னைக் கேட்டார்கள்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்கு, தொடங்குவது எப்படி என்று ஒரு பக்கம் கேட்டார் பத்திரிகை ஆசிரியர்.

"முதல் வரியில உங்கள அடிச்சுக்க ஆளே கிடையாது சார். சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க."

எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உட்கார்ந்துவிட்டார்.

முதல் வரி தானாக வரும். அதுவரை காத்திரு—

(இங்கேயே நின்றுவிட்டது. காரணம் கீழே.)

2

உதாரணம் காட்ட வேண்டுமே என்று தன் புத்தகத்தை எடுத்தார். அச்சான தன் கதையை அவர் படிப்பதில்லை. அதை மேடையேறிப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். புரட்டினார்.

'மூன்றே நாற்காலிகள் இருந்த வீட்டில் நான்காவதாகப் பிறந்தேன்.'

ஐயோ! இதை அவர் எழுதவே இல்லை. அவர் எழுதியது வானம், மேகம், மேகத்துக்குப் பின்னால் இன்னொரு மேகம். அடுத்த கதையும் இதே லட்சணம். பன்னிரண்டு கதைகள், பன்னிரண்டு முதல் வரிகள், ஒன்றுகூட அவருடையது இல்லை. தூக்கிவாரிப் போட்டது.

[அவர், அவர் என்றால் யாருக்கோ நடந்ததுபோல் இருக்கிறது. அவர் நான்தான்.]

3

என் கையெழுத்து கடவுளுக்கும் புரியாது. அதைப் படித்துக் கணினியில் அடிப்பதும், மெய்ப்புப் பார்ப்பதும் அச்சகத்தில் வேலை செய்யும் என் அண்ணி. ஓடினேன்.

"அண்ணி, இந்த முதல் வரியெல்லாம்..."

"நான்தான் தம்பி." தட்டச்சை அவர் நிறுத்தவில்லை. "நீங்க ஒரு பக்கம் தொண்டையக் கனைச்சுட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பீங்க. கனைப்பைத் தூக்கிட்டு ஒரு வரி போடுவேன்."

"என்னைக் கேக்காமலா? என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு!"

"முதல் தடவை பயந்துகிட்டேதான் போட்டேன். புக்கைப் பாத்துட்டு சண்டைக்கு வருவீங்க, அப்போ நானும் எழுதுவேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். பன்னெண்டு கதை ஆச்சு. நீங்க வரவே இல்லையே."



4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுவது. அதன்பின் என்னை யார் மதிப்பார்கள்?

முடிவு இரண்டு: 'முதல் வரி தானாக வரும்' என்றே எழுதிக் கொடுத்துவிட்டு... சீ!

"புதுசா எழுத வர்றவங்களுக்கு என்னதான் சொல்றது அண்ணி?"

"முதல் பக்கத்தக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க. எழுதினத ஒரு தடவையாவது படிக்கச் சொல்லுங்க."

நடந்ததை அப்படியே எழுதி அவரிடமே அடிக்கக் கொடுத்தேன். தலைப்புக்குக் கீழே இருவர் பெயரையும் போட்டிருந்தேன், அவர் பெயர் முதலில். அடித்து நீட்டிய தாளில் இரண்டுமே இல்லை.

"யார் எழுதினதுன்னு படிக்கிறவங்க சொல்லட்டும் தம்பி."

சொல்லுங்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.