மிச்சமிருந்த பக்கம்

பாடைக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஓரமாக எறிந்தார் சிங்காரம்.

"இப்ப எடுக்க வாணாம். ஒரு பக்கம் மிச்சம் கீது."

மகன் தேவேந்திரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்துக் கிடந்த அம்மாவின் தலைமாட்டிலிருந்து தடித்த கதைப் புத்தகத்தை எடுத்து, அவள் நேற்று அடையாளத்துக்குச் சொருகிய வலைநூலைப் பிடித்து அவர் விரித்த பிறகுதான் விளங்கியது.

"நைனா, ஊரே வெளிய நிக்குது. உனுக்கு இப்ப கதையா?"

ஊர் நிற்கத்தான் செய்யும். குப்பத்தில் பிணம் கிடந்தால் அதை எடுக்கிற வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. முகத்துவாரம் திறந்து ஏரிக்குள் இறால் ஏறியிருந்த நேரம். துக்கத்துக்கு வந்தவர்களின் கண்ணெல்லாம் ஏரிமேலேயே இருந்தது. இவனுங்க அழுகையைச் சிங்காரம் எந்தக் காலத்தில் நம்பினார், இன்றைக்கு நம்ப?

புத்தகத்தையும் அவர் நம்பியதில்லை. எவனோ காசுக்கு எழுதின பொய் என்பார். அவர் மனைவி கஸ்தூரியம்மாள் வயதான பிறகு மகளிர் குழுவில் எழுத்துக் கூட்டக் கற்றவள். பொன்னேரியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இந்த ஒன்றையே இரண்டு வருஷமாகப் படித்தாள். சோறாக்கி இறக்கிய மத்தியானங்களில் ஒரு பக்கம், வாய்விட்டு. பிடித்த சொல் வந்தால் நண்டுக்காலை உறிஞ்சுவதுபோல அங்கேயே நின்று, இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பாள்.

"நீ முடிக்கிறதுக்குள்ள எழுதினவன் செத்துப்பூடுவான்டி" என்று திட்டிக்கொண்டே, முதுகைக் காட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார். அவள் படிக்காத நாளில் அவருக்குக் கை ஓடாது. அதை அவளிடம் சொன்னதில்லை.

நேற்று பாதிப் பக்கத்தில், நெஞ்சை அடைக்கிறது என்று நிறுத்தினாள். "யாரோ கதவத் தட்றாங்க. யாருன்னு நாளிக்கிப் பாத்துக்கலாம்" என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"குடு மாமா, நான் படிச்சிட்றேன்." மருமகள் சுபஸ்ரீ வாங்கி இரண்டு வரியை மூச்சு விடாமல் ஓட்டினாள்.

"இன்னாமா, ரேசன் கடைல பேர் கூப்புட்ற மாதிரி?" பிடுங்கிக்கொண்டார்.

"போன்ல கதைச் சுருக்கம் கீதான்னு பாக்கட்டுமா?" என்றாள் அவள்.

"பொணத்தாண்ட சுருக்கம் சொல்றியா நீ?"

ஊர்த்தலைவர் கோபால் உள்ளே வந்தார். "மாமா, காத்து திரும்பிடும். நியாயம்னு ஒண்ணு கீது."

"உங்கப்பன எடுக்கறவரைக்கும் ரெண்டு நாளு என் படகு கரையிலதான் கெடந்துச்சு. குந்து."

கோபால் குந்தினார்.

சிங்காரம் இரண்டாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவர். அதற்கப்புறம் அவர் படித்ததெல்லாம் பஸ் போர்டு. விரலை வரியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார்.

"அவ...ள் எழு...ந்து போய்... தா...ழ்ப்...பா..."

திணறினார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"தாழ்ப்பாள்."

அவ்வளவு மெல்ல அவர் சொன்னபோது, துரு ஏறிய குளிர்ந்த இரும்பு விரலில் பட்டதுபோல இருந்தது. இன்னொரு தடவை சொன்னார். "தாழ்ப்பாள்." இரண்டு வருஷமும் இவள் எதற்காக நின்று நின்று போனாள் என்று பிடிபட்டவர்போல அவள் முகத்தைப் பார்த்தார். மூக்கருகே உட்கார வந்த ஈயைத் தேவேந்திரன் விசிறினான்.

மேலே படித்தார். மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். வாசலில் நின்றவர்கள் உள்ளே கழுத்தை நீட்டினார்கள். கதையில் அவள் தாழ்ப்பாளை நீக்கினாள், கதவு திறந்தது. பக்கம் முடிந்துவிட்டது.

வெளியே எவனோ படகு எஞ்சினைப் போட்டுப் பார்த்து அணைத்தான். யாரும் திரும்பவில்லை.

"யாரு மாமா நிக்கறது?" என்றார் கோபால்.

"இரு. வரணும்ல."

உப்புக் காற்றில் அடுத்த தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தைக் கஸ்தூரியம்மாள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல், சிங்காரம் குனிந்து மெல்ல ஊதினார்.